நெடுஞ்சாலைக்கு மேல் ஒரு நகரம்: புதிய நிலம் யாருக்குரியது?

நகரங்களில் நிலம் அருகி வருகின்றது. மாடிக்கு மேல் மாடி அடுக்கியும் கடலையும் சதுப்பையும் நிரப்பியும் இடம் தேடிய திட்டமிடலாளர்களின் பார்வை, கடந்த அரை நூற்றாண்டாக மற்றொரு வெளியின் மீதும் விழுந்துள்ளது. நகரின் நடுவே வாகனங்களுக்கென ஒதுக்கப்பட்ட அகன்ற நெடுஞ்சாலையின் மேலுள்ள வெற்று வெளியே அதுவாகும். சாலையைத் தளமிட்டு மூடி, அத்தளத்தின் மீது பூங்காவும் குடியிருப்பும் கடைத்தொகுதியும் எழுப்பும் திட்டங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஒன்றன்பின் ஒன்றாக முன்மொழியப்படுகின்றன. அவற்றுட் சில நிறைவேறியுள்ளன. பல வரைபடங்களிலேயே தங்கிவிட்டன.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், கல்லாறு தொடக்கம் கல்லடி வரை கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டியை எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் நடுவே ஓடுவது ஒரேயொரு பிரதான வீதி. வீடுகள், கடைகள், பாடசாலைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள் யாவும் அந்த வீதியை அண்டியே நெருங்கி நிற்கின்றன. நாட்டிலேயே மக்கள் மிக அடர்த்தியாக வாழும் நகரங்களுள் ஒன்றாகக் காத்தான்குடி கணிக்கப்படுகின்றது. நிலப்பற்றாக்குறை இங்கு நேற்று முளைத்த பிரச்சினையன்று. வீதியின் மேல் கட்டலாம் என்ற யோசனை ஒருநாள் இக்கரைக்கும் வரக்கூடும். அது கவர்ச்சியான வர்ணப் படங்களுடன் வந்து சேருமுன்னர், அதன் இயல்பையும் பிற இடங்களில் அது விளைத்த நன்மை தீமைகளையும் அறிந்து வைத்திருத்தல் நமது கடமையாகும்.

மூன்று வகைகள்

நெடுஞ்சாலைக்கு மேலான கட்டுமானங்களை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, அகழி போன்று நிலமட்டத்துக்குக் கீழே ஓடும் சாலையின் மீது மூடியிடுவது. இருபுறத்து வீதிகளின் மட்டத்திலேயே தளம் அமைவதால், மக்கள் ஏறி இறங்காமல் நடந்து கடக்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1976 இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலைப் பூங்கா இவ்வகையில் முன்னோடியானது. டலஸ் நகரில் 2012 ஒக்டோபரில் திறக்கப்பட்ட, 5.2 ஏக்கர் பரப்புள்ள கிளைட் வாரன் பூங்கா இன்று அதிகம் எடுத்துக்காட்டப்படுவது.

இரண்டாவது வகையில், சாலையே ஒரு கட்டடத்தின் ஊடாகச் செல்கின்றது. ஜப்பானின் ஒசாக்கா நகரில் 1992 இல் நிறைவுற்ற 16 மாடிக் கட்டடமொன்றின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் மாடிகளை அதிவேக நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்கின்றது. அதிர்வு பரவாதிருக்க, சாலை கட்டடத்தைத் தொடாமல் தனித் தூண்களில் தாங்கப்பட்டுள்ளது. அம்மூன்று மாடிகளின் வாடகையாளராக நெடுஞ்சாலை நிறுவனத்தின் பெயரே கட்டடத்தின் பெயர்ப்பலகையில் காணப்படுகின்றது.

மூன்றாவது வகையில், உயர்த்தப்பட்ட சாலையின் கீழ்ப்பகுதி கடைத்தொகுதியாகின்றது. டோக்கியோவின் கின்சா பகுதியில் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நீளமான சாலையொன்று, அதன் கீழிருந்த கடைகள் செலுத்திய வாடகையைக் கொண்டே பல தசாப்தங்களாகக் கட்டணமின்றி இயங்கியது. 2025 ஏப்ரலில் அது வாகனங்களுக்கு மூடப்பட்டு, பாதசாரிகளுக்கான உயர்நடைபாதையாக மாற்றப்படவுள்ளது. பழைய கோட்டை அகழிகளை நிரப்பிய நிலத்தின் மீதே அச்சாலை கட்டப்பட்டிருந்தது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

சாலை பிளந்த ஊர்கள்

இத்தகைய திட்டங்கள் ஏன் தோன்றின என்பதை விளங்கிக்கொள்ள, சாலைகள் எவ்வாறு போடப்பட்டன என்பதை அறிய வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்க நகரங்களின் ஊடாக அதிவேக நெடுஞ்சாலைகள் அமைக்கப்பட்டபோது, நிலத்தின் விலை மலிவாகவும் மக்களின் குரல் மெலிந்தும் இருந்த பகுதிகளே பெரும்பாலும் தெரிவு செய்யப்பட்டன. மினசோட்டா மாநிலத்தின் சென்ற் போல் நகரில் ரொண்டோ என்றொரு குடியிருப்பு இருந்தது. கறுப்பின மக்கள் தமது தேவாலயங்கள், கடைகள், சங்கங்களுடன் கட்டி வளர்த்த பகுதி அது. 1956 க்கும் 1968 க்கும் இடையில் 94 ஆம் இலக்க மாநிலங்களிடை நெடுஞ்சாலை அதன் நடுவே அகழப்பட்டது. நூற்றுக்கணக்கான வீடுகளும் வர்த்தக நிலையங்களும் இடிக்கப்பட்டன. ஒரு தலைமுறை சேர்த்த சொத்து அதனோடு போயிற்று.

2015 ஜூலையில் அம்மாநிலப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைவரும் நகர மேயரும் அந்த அழிவுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர். அச்சாலையின் மீது ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு 'நிலப்பாலம்' ஒன்றை அமைத்து, அதில் மீண்டும் வீடுகளையும் கடைகளையும் நிறுவ வேண்டும் என்பது அச்சமூகத்தவர்களின் அமைப்பொன்று முன்வைத்துள்ள திட்டமாகும். 2021 இல் மாநில சட்டசபை அதற்கான ஆரம்ப ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கியது. அதே ஆண்டில் அமெரிக்க மத்திய அரசும், நெடுஞ்சாலைகளால் பிளவுபட்ட சமூகங்களை மீள இணைப்பதற்கெனத் தனியான நிதித்திட்டம் ஒன்றைச் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டில் அதே நோக்குடன் மேலும் பெருந்தொகை சேர்க்கப்பட்டது. ஆனால் இவ்வாறு சேர்க்கப்பட்ட தொகையில் ஒப்பந்தமாகாது எஞ்சியிருந்த பணத்தை 2025 ஜூலையில் நிறைவேற்றப்பட்ட சட்டம் மீளப் பெற்றுக்கொண்டது. சாலை போடுவதற்கு ஒரே தசாப்தத்தில் கிடைத்த பணம், அதன் காயத்தை ஆற்றுவதற்கு அரை நூற்றாண்டு கடந்தும் உறுதியாகக் கிடைப்பதில்லை என்பதே இதிலுள்ள பாடமாகும்.

இதிலிருந்து பிறக்கும் கொள்கை எளிமையானது. சாலைக்கு மேலே கிடைக்கும் நிலத்தைத் திட்டமிடலாளர்கள் 'புதிய நிலம்' என்றே அழைக்கின்றனர். உண்மையில் அது முன்னொரு காலத்தில் யாரோ வாழ்ந்த நிலத்தின் மேல்வெளியாகும். அதனைப் பங்கிடும்போது முதலுரிமை, சாலைக்காக இடமிழந்தவர்களுக்கும் சாலையின் புகையையும் இரைச்சலையும் சுமந்தவர்களுக்கும் உரியதாக வேண்டும்.

பாரமும் புகையும்

தொழில்நுட்ப ரீதியில் இவ்வேலை இயலாததொன்றன்று. ஆனால் எளிதானதுமன்று. ஈரமான ஒரு கனமீற்றர் மண்ணின் நிறை இரண்டு தொன்னை அண்மிக்கும். ஒரு ஹெக்டெயர் பரப்பில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு மண்ணிட்டால், மரமும் மனிதரும் கட்டடமும் சேருமுன்னரே ஏறக்குறைய 20,000 தொன் நிறை தளத்தின் மேல் ஏறிவிடும். கீழே வாகனங்கள் ஓட வேண்டியிருப்பதால் தூண்களை விரும்பிய இடத்தில் நிறுத்தவும் முடியாது. எனவே நீண்ட கொங்கிறீட் உத்தரங்கள் தேவைப்படுகின்றன. டலஸ் பூங்காவில் உத்தரங்களுக்கு இடையே பள்ளங்கள் விடப்பட்டு, மரங்களின் வேர்கள் அப்பள்ளங்களில் இறங்குமாறு செய்யப்பட்டுள்ளது. ஏனைய இடங்களில் நிறையைக் குறைப்பதற்காக மண்ணுக்குப் பதிலாக இலேசான நுரைக்கட்டிகள் இடப்பட்டுள்ளன.

அடுத்தது புகையும் நெருப்பும். மூடப்பட்ட சாலை ஓர் அளவைத் தாண்டியதும் சுரங்கமாகவே கருதப்படும். காற்றோட்ட விசிறிகள், தீயறி கருவிகள், அவசர வெளியேறு வழிகள், இருபத்துநான்கு மணிநேரக் கண்காணிப்பு ஆகியன அப்போது கட்டாயமாகின்றன. 1999 இல் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையிலான மொன்ட் பிளாங்க் சுரங்கத்தில் ஏற்பட்ட தீயில் 39 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, 2004 இல், 500 மீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைச் சுரங்கங்களுக்கான குறைந்தபட்ச பாதுகாப்பு விதிகளை ஐரோப்பிய ஒன்றியம் வகுத்தது. கட்டி முடிப்பதோடு செலவு முடிவதில்லை. விசிறி சுழலும் வரை மின்கட்டணம் உண்டு. நீர்க்கசிவும் துருவும் உள்ளவரை பராமரிப்பும் உண்டு. எரிபொருள் தாங்கிகளை அவ்வழியே விடலாமா என்ற கேள்வியும் எழும்.

பணம் எங்கிருந்து வருகின்றது?

5.2 ஏக்கர் டலஸ் பூங்காவுக்கு ஏறத்தாழ 11 கோடி அமெரிக்க டொலர் செலவானது. நகரசபைக் கடன்பத்திரம், மாநில மற்றும் மத்திய அரசு நிதி, தனியார் நன்கொடை ஆகியன சேர்ந்தே அத்தொகை திரண்டது. பூங்காவைச் சுற்றியுள்ள காணிகளின் விலையும் வாடகையும் பின்னர் உயர்ந்தன. காணிச் சொந்தக்காரர்கள் மகிழ்ந்தனர். பொதுப்பணத்தில் செய்யப்படும் வேலையால் அயலிலுள்ள தனியார் காணியின் மதிப்பு ஏறும்போது, அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை வரியாகவோ கட்டணமாகவோ மீளப் பெறாவிடின், ஏழை வாடகைக் குடியிருப்பாளர் தமது வரிப்பணத்தினாலேயே ஊரைவிட்டு வெளியேற்றப்படும் நிலை உருவாகின்றது.

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. அங்கு ஏ7 நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்கு, இரைச்சலிலிருந்து குடியிருப்புகளைக் காக்கும் சட்டக் கடப்பாடு குறுக்கே நின்றது. எனவே மூன்று பகுதிகளில் மொத்தமாக ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர் நீளத்துக்குச் சாலையை மூடத் தீர்மானிக்கப்பட்டது. நகரவாசிகள் சிறு துண்டுகளாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு வந்த தோட்டங்கள் மூடியின் மேற்பரப்புக்கு மாற்றப்படுகின்றன. அத்தோட்டங்கள் முன்பிருந்த நகரசபைக் காணி வீடமைப்புக்கு விற்கப்பட்டு, அப்பணம் மூடியின் செலவுக்குச் சேர்க்கப்படுகின்றது. இங்கு சாலையின் மீது அடுக்குமாடி ஏற்றப்படவில்லை. பாரம் குறைந்த தோட்டம் மேலே செல்ல, வீடுகள் உறுதியான நிலத்திலேயே அமைகின்றன. சிக்கனமும் நிதானமும் கொண்ட ஏற்பாடு இது எனலாம்.

காற்றுவெளியின் சொந்தக்காரர் யார்?

சாலையின் மேலுள்ள வெளி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக விடையளித்துள்ளது. டோக்கியோவின் தொரனோமொன் பகுதியில் 1946 இல் திட்டமிடப்பட்ட வளைய வீதியொன்று, காணி பெற முடியாமையினால் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 1989 இல் ஜப்பான் தனது சட்டத்தைத் திருத்தி, வீதிக்குரிய வெளியை உயரத்திலும் ஆழத்திலும் வரையறுத்து, அதற்கு மேலும் கீழும் கட்டடம் அமைக்க இடமளித்தது. அதன் விளைவாக வீதி நிலத்தின் கீழே செல்ல, அதன் மேல் 52 மாடிக் கட்டடம் 2014 இல் திறக்கப்பட்டது. அங்கு காணி வைத்திருந்தவர்கள் இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு வெளியேறவோ, புதிய கட்டடத்தில் தமக்குரிய பங்கைப் பெற்றுத் தங்கவோ வாய்ப்பளிக்கப்பட்டது. சட்டம் முன்னே சென்றது. கட்டடம் பின்னே வந்தது.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரின் அனுபவம் இதற்கு எதிரானது. நகர மையத்தில் புகையிரதப் பாதைகளின் மேல் ஏறத்தாழ 21 ஏக்கர் பரப்பில் பொதுப் பூங்கா அமைக்கப்போவதாக 2016 இல் நகரசபை அறிவித்தது. ஆனால் அப்பாதைகளுக்கு மேலுள்ள காற்றுவெளி உரிமை தனியார் நிறுவனங்களின் கைக்கு மாறியிருந்தது. வழக்கு மேன்முறையீட்டு நியாயசபைக்குச் சென்றது. 2021 இல் தீர்ப்பு தனியார் பக்கம் சாய்ந்தது. அவ்வாண்டிலேயே நகரசபை தனது பூங்காத் திட்டத்தைக் கைவிட்டது. பொதுவெளியின் உரிமை எவரிடமுள்ளது என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யாத நகரம், தன் தலைக்கு மேலுள்ள ஆகாயத்தையும் இழக்க நேரிடும் என்பதற்கு இது சான்றாகும்.

நீரின் மேல் போடப்பட்ட சாலைகள்

நமது கரைக்கு மிக நெருக்கமான பாடங்கள் சியோலிலும் சென்னையிலும் உள்ளன. தென்கொரியத் தலைநகரின் நடுவே ஓடிய சியோங்கியேசியோன் ஓடை 1958 தொடக்கம் கொங்கிறீட்டினால் மூடப்பட்டது. பின்னர் அதன் மேல் உயர்நெடுஞ்சாலையும் எழுந்தது. 2003 ஜூலையில் அந்த நகரம் சாலையை இடிக்கத் தொடங்கி, 2005 ஒக்டோபரில் 5.8 கிலோமீற்றர் நீளமான ஓடையை மக்களுக்குத் திறந்துவிட்டது. உலகம் பாராட்டிய அத்திட்டத்திலும் குறையில்லாமலில்லை. அப்பகுதியின் நடைபாதை வியாபாரிகள் பழைய விளையாட்டரங்கு ஒன்றுக்கு மாற்றப்பட்டனர். அவ்வரங்கு இடிக்கப்பட்டபோது மீண்டும் இடம்பெயர்ந்தனர். ஓடையில் இன்று ஓடும் நீரின் பெரும்பகுதி ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுவது.

சென்னையில் பறக்கும் இரயில் பாதையின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயின் உள்ளேயே நடப்பட்டன. அப்பாதையின் முதற்பகுதி 1995 இல் திறக்கப்பட்டு, 2007 இல் வேளச்சேரி வரை நீண்டது. காணி வாங்கத் தேவையில்லை, எவரையும் எழுப்பத் தேவையில்லை என்ற இலகுவான கணக்கே கால்வாயைத் தெரிவு செய்யக் காரணமாயிற்று. நீரோட்டம் ஒடுங்கிய கால்வாய் நகரின் வெள்ளத்தை வடிக்கும் தன் வேலையைச் செய்ய இயலாது தவிக்கின்றது. சென்னைத் துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் உயர்நெடுஞ்சாலைக்கு 2009 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கூவம் ஆற்றின் ஓட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று கூறி 2012 இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. ஈரடுக்குச் சாலையாக மாற்றப்பட்ட திட்டத்துக்கு 2022 மே மாதத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாதியில் நின்ற தூண்கள் ஆற்றினுள் நின்றன.

நீர்நிலையின் மேற்பரப்பை இலவசக் காணியாக எண்ணும் இந்த மனப்பாங்கே வாவியை நம்பி வாழும் மக்கள் முதலில் அஞ்ச வேண்டியதாகும்.

வாவிக்கரையின் நிலைமை

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் அமைய, புளியந்தீவு அதன் நடுவே நகர மையமாக விளங்குகின்றது. இம்மண்ணில் வீதி என்பது எப்போதும் நீரைக் கடக்கும் வேலையாகவே இருந்து வந்துள்ளது. பிரித்தானியர் காலத்தில் ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரால் கட்டப்பட்ட ஒடுங்கிய கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் முறைவைத்துக் கடந்த காலம் 2013 வரை நீடித்தது. அவ்வாண்டில் ஜப்பானிய உதவியுடன் அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. 'பாதை' எனப்படும் மிதவையை நம்பியிருந்த மண்முனைத்துறைக்கு 2014 இல் பாலம் கிடைத்தது. அதனால் படுவான்கரை விவசாயிக்கும் நோயாளிக்கும் மாணவருக்கும் விளைந்த நன்மையை எவரும் மறுக்க இயலாது. வீதிக்கும் பாலத்துக்கும் நாம் எதிரானவர்கள் அல்லர். கடக்க வேண்டிய இடத்தில் கடப்பதும், கிடைத்த வெளியையெல்லாம் மூடுவதும் வெவ்வேறானவை என்பதையே வலியுறுத்துகின்றோம்.

மேலே கூறிய மூன்று வகைகளையும் இக்கரையில் வைத்துப் பார்ப்போம். அகழியில் ஓடும் சாலை இங்கு இல்லை. அதனை அமைப்பதும் உசிதமன்று. மணற்பட்டியில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். ஆழமான அகழி வெட்டினால், அதனை உலர்வாக வைத்திருக்க ஓயாது நீர் இறைக்க வேண்டும். மணலுக்குள் தேங்கி நிற்கும் மழைநீரின் மெல்லிய நன்னீர்ப் படையே கரையோரக் கிணறுகளுக்கு உயிர். அதனை இறைத்து வெளியேற்றினால் உவர்நீர் உட்புகும். 2004 ஆழிப்பேரலையின் பின்னர் உப்பேறிய கிணறுகள் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு காலமெடுத்தது என்பதைக் கரையோர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நிலமட்ட வீதியின் மேல் தளமிடுவதாயின், வாகனங்களுக்கு ஏறத்தாழ ஐந்து மீற்றர் இடைவெளி விட வேண்டும். உத்தரத்தின் தடிப்பையும் சேர்த்தால் தளம் ஏழு மீற்றர் உயரத்தில் அமையும். சக்கர நாற்காலி ஏறக்கூடிய சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று எனக் கொண்டால், அவ்வுயரத்தை எட்ட 84 மீற்றர் நீளமான சாய்தளம் வேண்டும். இடையில் இளைப்பாறும் தட்டுகள் வேறு. ஒடுங்கிய நகர வீதியில் அதற்கு இடம் எங்கே? வீதிக்கு மேல் காணி தேடப்போய், வீதியோரக் காணிகளைச் சுவீகரிக்க நேரிடும். மேலேறும் சந்தையால் கீழேயுள்ள கடைகள் இருளில் மூழ்கும். முதியவரும் சுமை தூக்குபவரும் மேலே செல்லாது விடுவர்.

இவற்றிலும் பாரதூரமானது அனர்த்த காலம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம் ஆகியன இப்பிரதேசத்தை வெவ்வேறு திசையிலிருந்து தாக்கின. கடலிலிருந்து அலை வரும்போது மக்கள் ஓடுவதற்கும், வாவி பெருகும்போது படகும் உணவும் வந்து சேர்வதற்கும் இருப்பது அதே ஒற்றை வீதியும் சில பாலங்களுமே. அவ்வீதியின் மேல் பாரிய கட்டுமானத்தை ஏற்றி, ஆண்டுக்கணக்கில் வேலை நடத்தி, அதனை ஒடுக்குவது உயிர்களோடு விளையாடுவதாகும். மறுபுறம், உறுதியான உயர்தளமொன்று ஆழிப்பேரலையின்போது புகலிடமாகலாம் என்ற வாதமும் உண்டு. அதில் நியாயமிருக்கின்றது. ஆனால் அதற்கு வீதியை மூட வேண்டியதில்லை. பாடசாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் உயர்ந்த, உறுதியான மேல்மாடிகளை அமைத்தாலே போதுமானது.

வெள்ளத்தின் கணக்கு இன்னொன்று. மாரிகாலத்தில் மேற்கிலிருந்து இறங்கும் நீர் வாவியை நிரப்பி, முகத்துவாரம் வழியாகக் கடலைச் சேர்கின்றது. மணல்மேடு அதனை அடைத்துக்கொள்ளும் காலத்தில் வெட்டிவிட வேண்டியிருக்கும். வாவிக்குக் குறுக்கே இடப்படும் ஒவ்வொரு தாம்போதியும், ஓட்டம் குறைந்த ஒவ்வொரு மதகும், ஒவ்வொரு புதிய தூணும் நீரின் வேகத்தைத் தணித்து, வண்டலைத் தேக்கி, வயலில் நிற்கும் வெள்ளத்தின் நாட்களைக் கூட்டும். இறாலும் மீனும் வந்துபோகும் வழி அடைபட்டால் வலையை நம்பிய குடும்பத்தின் வருமானம் குன்றும். வீதியின் மேல் கட்டுவதற்கு யோசிக்குமுன், வீதியின் கீழ் நீர் ஓடுகின்றதா என்று பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கின்றது?

இலங்கையில் இத்தகைய திட்டத்துக்குப் பல அதிகார பீடங்களின் அனுமதி வேண்டும். நகரத் திட்டமிடலுக்கு 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் உள்ளது. பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்க கரையோரம் பேணல் சட்டம், கடலிலிருந்து 300 மீற்றர் வரையான நிலத்தைக் கரையோர வலயமாக வரையறுக்கின்றது. கடலோடு தொடர்புடைய வாவிகளிலும் ஆறுகளிலும் அவ்வலயம் இரண்டு கிலோமீற்றர் வரை உட்செல்கின்றது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு, 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைகளுக்கும், 4 ஹெக்டெயருக்கு மேற்பட்ட ஈரநில நிரப்பலுக்கும் வேண்டப்படுகின்றது. இவ்வளவுகளை மட்டும் கொண்டு நோக்கினால், ஒரு கிலோமீற்றர் தளமோ மூன்று ஹெக்டெயர் நிரப்பலோ தப்பிவிடும். திட்டத்தைத் துண்டு துண்டாக முன்வைத்து மதிப்பீட்டைத் தவிர்க்கும் வாய்ப்பும் இருக்கின்றது. வாவிப் பிரதேசத்தில் எந்தத் திட்டமாயினும் முழுமையாகவே மதிப்பிடப்பட வேண்டும்.

காணிச் சுவீகரிப்பு 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பொதுத்தேவைக்காகவே செய்யப்படுகின்றது. 2001 இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை, உறுதிப்பத்திரம் இல்லாதவர்களின் இழப்பையும் கவனத்திற் கொள்ளுமாறு கூறுகின்றது. பொதுத்தேவைக்கென எடுத்த காணியைத் தனியார் இலாபத்துக்குக் கையளிக்க முடியுமா என்ற கேள்விக்கு, பத்தரமுல்லை 'வோட்டர்ஸ் எட்ஜ்' வழக்கில் 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தெளிவான விடையளித்தது. அரச அதிகாரம் மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கப்படுவது என்ற அடிப்படையில், பொதுத்தேவைக்கெனச் சுவீகரித்த காணியைத் தனியார் நிறுவனத்துக்கு வழங்கியமை சட்டவிரோதமெனத் தீர்க்கப்பட்டது. காணிக்குப் பொருந்தும் இந்நியாயம், அதே காணியின் மேலுள்ள வெளிக்கும் பொருந்த வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

எனவே, வீதிக்கு மேலான அபிவிருத்தி என்ற பெயரில் எத்திட்டம் முன்வைக்கப்பட்டாலும் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறப்பட வேண்டும். முதலாவது, அவ்வீதிக்காக முன்னர் காணி இழந்தவர்கள் யார், அவர்களுக்குப் புதிய தளத்தில் என்ன பங்கு? இரண்டாவது, தளத்தின் உரிமை நகரசபையிடம் நிலைத்திருக்குமா, குத்தகையாயின் எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை? மூன்றாவது, கட்டிய பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவை யார் ஏற்பார்? நான்காவது, வேலை நடக்கும் காலத்திலும் பின்னரும் வெள்ளமோ அலையோ வந்தால் மக்கள் வெளியேறும் வழி எது? ஐந்தாவது, நீரோட்டத்துக்கு நேரும் மாற்றம் கணிக்கப்பட்டுள்ளதா, அக்கணிப்பு மீனவரும் விவசாயியும் வாசிக்கத்தக்க தமிழில் வெளியிடப்பட்டுள்ளதா?

இடையில், பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை பல உள்ளன. புதிய பாலத்துக்கு அருகே எஞ்சிய பழைய கல்லடிப் பாலம் போன்ற கட்டமைப்புகளைப் பழுதுபார்த்து, நடப்போருக்கும் மாலையில் காற்று வாங்குவோருக்கும் உரிய பொதுவெளியாகப் பேணலாம். தாம்போதிகளில் நீர் செல்லும் கண்களை அகலப்படுத்தலாம். பிரதான வீதியின் இருபுறமும் நிழல் மரங்களையும் பாதுகாப்பான கடவைகளையும் அமைத்து, பிளவுபட்ட ஊரை நிலமட்டத்திலேயே இணைக்கலாம். ஏழு மீற்றர் உயரத்தில் பூங்கா கட்டித்தான் ஒரு முதியவர் வீதியைக் கடக்க வேண்டும் என்பதில்லை.

பிற நாடுகளின் நகரங்கள் தாம் முன்பு இழைத்த அநீதியைத் திருத்துவதற்காகவே பெரும் பணம் செலவிட்டுச் சாலைகளை மூடுகின்றன. அந்த அநீதியை இங்கு செய்யாதிருக்கும் வாய்ப்பு நமக்கு இன்னும் இருக்கின்றது. வீதி பொதுமக்களுடையது. அதன் மேலுள்ள வெளியும் அதன் கீழ் ஓடும் நீரும் அவ்வாறே பொதுமக்களுடையவை. மூன்றையும் ஒருசேரக் காப்பதே மாநகர சபையினதும் பிரதேச சபைகளினதும் மாவட்ட நிர்வாகத்தினதும் பொறுப்பாகும். அப்பொறுப்பை அவை நிறைவேற்றுகின்றனவா என்று விழிப்புடன் நோக்குவது மக்களாகிய நம் எல்லோரினதும் கடமையாகும்.